விஸ்கியில் வெடித்த குமிழி: 8 லட்சம் ஆண்டுக் காற்று கிடைத்த கதை

(திரையில்: கண்ணாடிக் கோப்பை, அதில் ஒரு பனிக்கட்டி)

1965, அண்டார்க்டிகா. நாள் முழுக்கப் பனியில் துளையிட்ட பிரெஞ்சு விஞ்ஞானி குளோட் லோரியுஸ், ஆழத்திலிருந்து வந்த ஒரு துண்டையே தன் விஸ்கியில் போடுகிறார். கட்டி கரையக் கரைய, அழுத்தத்தில் அடைபட்டிருந்த குமிழிகள் படபடவென்று வெடிக்கின்றன. அவருக்குப் பொறி தட்டியது: இது அந்தக் காலத்துக் காற்றல்லவா!

வணக்கம் நண்பர்களே! பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பனிமேல் பனி விழ, அடியில் இருப்பது இறுகும். 50 முதல் 100 மீட்டர் ஆழத்தில் பனித் துகள்களுக்கு இடையிலுள்ள துளைகள் மூடிக்கொள்ளும். காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும்.

சரி, அந்தக் காற்றை எப்படி வெளியே எடுப்பது? உருக்கினால் போதும் என்றுதான் தோன்றும். கார்பன் டை ஆக்சைடை அளக்க அது சரிப்படாது. பனியில் தூசி இருக்கிறது, தூசியில் கார்பனேட் இருக்கிறது. உருகிய நீரில் அது அமிலத்தோடு சேர்ந்தால் புதிதாகவே கார்பன் டை ஆக்சைடு உண்டாகிவிடும்! அதனால் பனியை உருகவிடாமல், வெற்றிடக் கலனுக்குள் வைத்து நொறுக்குகிறார்கள். குமிழிகள் உடைந்து வரும் காற்று நேராக அளவீட்டுக் கருவிக்குப் போகும். தூசி அதிகமுள்ள கிரீன்லாந்துப் பனியை இந்த வாயுவுக்கு நம்ப முடியாததும் இதே காரணத்தால்தான். மீத்தேனுக்கு இந்தத் தொல்லை இல்லை, உருக்கியே எடுக்கலாம்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. துளைகள் மூடும்வரை மேல்காற்று உள்ளே வந்து போய்க்கொண்டே இருக்கும். ஆகவே, சுற்றியுள்ள பனியைவிடக் காற்றுக்கு வயது குறைவு! அண்டார்க்டிகாவில் பனி கொட்டித் தீர்க்கும் லா டோம் என்ற இடத்தில் இந்த வித்தியாசம் சில பத்தாண்டுகள். அதே கண்டத்தில் அரிதாகவே பனி விழும் டோம் சி என்ற இடத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள். இதைக் கணக்கில் எடுக்காமல் போட்ட தேதி எதுவும் செல்லாது.

இதையெல்லாம் நம்பலாமா? தாராளமாக நம்பலாம். லா டோம் பனியில் 1970-கள் வரையிலான காற்று இருக்கிறது. 1950-களின் கடைசியிலிருந்து வளிமண்டலத்தை நேரடியாக அளந்து வருகிறோம். இரண்டு கணக்கும் பொருந்திப்போகின்றன.

டோம் சி பனி சொல்வது இதுதான்: 8 லட்சம் ஆண்டுகளில் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 180-க்கும் 300 பிபிஎம்முக்கும் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) இடையிலேயே ஏறி இறங்கியிருக்கிறது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நான் பயமுறுத்தவில்லை, இந்த அளவுகளின் வரைபடத்தை நீங்களே திரையில் பாருங்கள்.

அப்புறம், ஜனவரி 2025-இல் ஐரோப்பியக் குழு லிட்டில் டோம் சி-யில் 2,800 மீட்டர் துளைத்து, குறைந்தது 12 லட்சம் ஆண்டுப் பனியை எடுத்திருக்கிறது. இந்தப் பனி ஒரு புதிருக்கு விடை சொல்லக்கூடும்: சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன், 41,000 ஆண்டுக்கொரு முறை வந்த பனியுகம் ஏன் 1 லட்சம் ஆண்டுக்கொன்றாக மாறியது? கார்பன் டை ஆக்சைடு குறைந்ததாலா? உங்கள் ஊகத்தைக் கமெண்டில் எழுதுங்கள்.