ஹால் சுவரில் சுவிஸ் மலை எதற்கு? 1792-ன் பாபநாசம் இருக்கிறதே!

உங்கள் வீட்டு ஹாலில் சீனரி மாட்டியிருக்கிறீர்களா? பனிமலை, ஏரி, ஓரமாக ஒரு மரவீடு, கீழே நாலு வரி ஆங்கிலத் தத்துவம்? அதைக் கழற்றச் சொல்ல நான் யார், மாட்டியவர் மாமனாராகவும் இருக்கலாம். ஆனால் அதே ஆணியில் 230 வருடத்துக்கு முந்தைய பாபநாசம் அருவியை, பிரிண்ட் செலவும் பிரேம் செலவும் மட்டும் கொடுத்து மாட்டலாம் என்றால்?

(திரையில்: பாபநாசம் அருவிப் படம்)

வரலாற்றை வேகமாக முடித்துவிடுகிறேன். இதை வரைந்தவர்கள் தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம், இரண்டு பேரும் இங்கிலாந்து ஓவியர்கள். 1786-ல் கல்கத்தா வந்தார்கள், வடக்கே இமயமலை வரை சுற்றினார்கள், 1792-ல் மதராஸிலிருந்து தெற்கே கிளம்பினார்கள். லண்டன் திரும்பி 1795 முதல் 1808 வரை 144 படங்கள் வெளியிட்டார்கள். தொகுப்பின் பெயர் 'ஓரியன்டல் சீனரி'. அவ்வளவுதான், தேர்வில் கேட்க மாட்டார்கள்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். இந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், நிழலிலும் வானத்திலும் பொடிப்பொடியாக ஒரு மணல்தன்மை தெரிகிறதா? ஸ்கேன் கோளாறு இல்லை. இதற்கு அக்வாடின்ட் என்று பெயர். செப்புத் தகட்டின் மேல், நாம் வாசலில் கோலப்பொடி தூவுகிற மாதிரி, பிசின் தூளைத் தூவிச் சூடாக்குவார்கள். தூள் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அமிலத்தில் முக்கினால், தூளுக்கு இடையே இருக்கும் இடைவெளியை மட்டும் அமிலம் அரிக்கும், அரித்த குழியில்தான் மை தங்கும். வெளிச்சமாக இருக்க வேண்டிய இடத்துக்கு வார்னிஷ் பூசி மறைத்துவிட்டு மறுபடி முக்குவார்கள், இன்னும் இருட்டு வேண்டிய இடத்துக்கு இன்னொரு முறை. அருவியில் விழும் தண்ணீர் அவ்வளவு வெள்ளையாக இருக்கக் காரணம் வெள்ளை மை இல்லை, அங்கே அமிலமே படவில்லை, தெரிவது வெறும் காகிதம்! அச்சடித்த பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வாட்டர் கலர் பூசினார்கள். அதனால்தான் இணையத்தில் ஒரே படம் ஒரு இடத்தில் வெளிறியும் இன்னொரு இடத்தில் பளிச்சென்றும் கிடைக்கும். தயவுசெய்து போனில் போட்டு கலரை ஏற்றாதீர்கள், அந்த மங்கல் மஞ்சளும் சாம்பல் நீலமும்தான் நம் வீட்டுச் சுவருக்கு அழகு.

ஒன்று சொல்லியாக வேண்டும். இவை அப்பாவிப் படங்கள் இல்லை. திப்புவுடன் நடந்த போர் முடிந்த அதே 1792-ல் பாராமகால், அதாவது சேலம் கிருஷ்ணகிரிப் பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. டேனியல்கள் ராயக்கோட்டையையும் ஜெகதேவிக் கோட்டையையும் வரைந்தது அந்தச் சூட்டில்தான். போரைச் செய்தியில் படித்த லண்டன்காரருக்கு அந்த இடத்தைப் பார்க்க ஆசை இருக்குமே. சுவர் அலங்காரமும் நம் கண்டுபிடிப்பு இல்லை: 1807-ல் பிரான்சில் ஜூபர் என்ற வால்பேப்பர் கம்பெனி டேனியல் படங்களைப் பார்த்து 'இந்துஸ்தான்' என்று ஒரு முழுச்சுவர்க் காட்சியே அச்சடித்தது. நம் ஊர்க் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு அவர்கள் சூப் குடித்திருக்கிறார்கள், நாம் ஆல்ப்ஸைப் பார்த்துக்கொண்டு இட்லி சாப்பிடுகிறோம்.

சரி, எதை மாட்டலாம்? சென்னைக்காரர்களுக்கு என் சிபாரிசு, அடையாற்றின் மேல் இருந்த ஆர்மீனியப் பாலம். கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 1726-ல் சொந்தச் செலவில் கட்டியது, இன்று அந்த இடத்தில் மறைமலை அடிகள் பாலம். சைதாப்பேட்டை சிக்னலில் நின்று நொந்தவர்களுக்கு அந்த வெறிச்சோடிய ஆற்றங்கரை பெரிய ஆறுதல். மதுரைக்காரர்களுக்குப் புதுமண்டபம், தையல் மெஷினும் புத்தகக் கடையும் வராத காலத்துப் புதுமண்டபம். தஞ்சாவூருக்குச் சொல்லவே வேண்டாம், பெரிய கோயில்.

காப்புரிமைக் கவலை இல்லை, விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படத் தளத்தில் தேடுங்கள். ஏ3 அளவுக்குச் சுமார் 3500க்கு 5000 பிக்சல் இருந்தால் தெளிவாக வரும். பளபளக்கிற போட்டோ பேப்பர் வேண்டாம், மேட் பேப்பர். பிரேம் கடையில் "மவுண்ட் போர்டு வைத்துப் போடுங்கள்" என்று அழுத்திச் சொல்லுங்கள், படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி விடும் அட்டைச் சட்டம் அது, சொல்லாவிட்டால் படத்தைக் கண்ணாடியோடு ஒட்டி அடித்துக் கொடுத்துவிடுவார்கள். கடலோர ஈரத்தில் இரண்டு மழைக்காலம் போதும், படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் அருவி கண்ணாடியோடு போகும். நேர்வெயில் படும் சுவரும் ஆகாது.

தாத்தா போட்டோ மாதிரி கூரைக்குப் பக்கத்தில் சாய்த்து மாட்டாதீர்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலே முக்கால் அடியில் இருக்கட்டும், கிட்டே போய் அந்தப் பொடிப்புள்ளிகளைப் பார்க்க முடியவேண்டும். வாடகை வீட்டில் ஆணி அடிக்க ஹவுஸ் ஓனர் விடவில்லையா, அலமாரி மேல் சாய்த்து வையுங்கள். மாட்டியவர்கள் எந்த ஊர்ப் படம் என்று கமென்ட்டில் போடுங்கள், திண்டுக்கல், திருச்செங்கோடு இரண்டையும் இதுவரை யார் வீட்டிலும் நான் பார்த்ததில்லை.