கடைமடைக்குத் தண்ணீர் எட்ட வேண்டுமானால்

நடுவர் அவர்களே, மன்னார்குடியில் இந்தப் பொங்கல் விழாப் பந்தலில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். உறவில் அன்பு நிலைப்பது தன்னை மறந்த தியாகத்தாலா, தன்னைப் பேணும் பழக்கத்தாலா என்ற தலைப்பில், தன்னைப் பேணும் பழக்கத்தாலேயே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி ஆசிரியர் ஐயா, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்து உண்ட தம் தாயாரைப் பற்றிச் சொன்னபோது நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தத் தாயின் அன்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த அம்மா 52 வயதிலேயே காலமாகிவிட்டார் என்பதை ஐயா ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டார்கள். அவர் இன்னும் இருபது ஆண்டுகள் இருந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்காமல் என்னால் கடக்க முடியவில்லை.

நமக்குத் தெரிந்த தண்ணீரைக் கொண்டே சொல்கிறேன். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுகிறது. இடைப்பட்ட கோடையில், ஆறு வறண்டு கிடக்கும்போதுதான் தூர் வாருகிறோம். ஊரே மண்வெட்டியோடு இறங்கிய அந்நாளில் அதற்குக் குடிமராமத்து என்று பெயர். அந்த வேலையைத் தவறவிட்ட ஆண்டில், கல்லணை திறந்து, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பாமணிக்கும் கோரையாற்றுக்கும் முறையாகப் பிரித்துவிட்ட பிறகும், காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிய வாய்க்காலில் தண்ணீர் முட்டி நின்று, கரையை உடைத்து, பக்கத்து வயலை மூழ்கடித்துவிடுகிறது. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வயலோ வெடித்துக் கிடக்கிறது. அணையில் தண்ணீர் இருந்தும் கடைமடை காய்கிறது, நடுவர் அவர்களே. நெஞ்சில் அன்பு இருந்தும் வீட்டில் இருப்பவர் காய்ந்துபோவதை நான் என் வீட்டிலேயே கண்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது அனைத்தையும் நானே செய்தேன். என்னைப்போல் யார் பார்ப்பார்கள் என்ற பெருமையும் எனக்கு இருந்தது. தூக்கம் மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. ஓர் இரவில் அவர் மூன்றாம் முறையாகத் தண்ணீர் கேட்டபோது, டம்ளரைக் கட்டில் சட்டத்தில் ‘டங்’கென்று வைத்தேன், பாதித் தண்ணீர் அவருடைய போர்வையில் சிந்தியது. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் இரவில் தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டார். நன்றாகத் தூங்குகிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். சில வாரங்களில் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்த பிறகே, மாலை ஆறு மணிக்கு மேல் அவர் ஒரு வாய்த் தண்ணீரும் குடிப்பதில்லை என்பது தெரிந்தது. என்னை எழுப்பக் கூடாதென்று, எங்களுக்காக அறுபது ஆண்டுகள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய மனிதர், தாகத்தை அடக்கிக்கொண்டு இருட்டில் விழித்துக் கிடந்திருக்கிறார். என்னை மறந்து நான் செய்த சேவை அவரை அங்கேதான் கொண்டுபோய் விட்டது.

2021ஆம் ஆண்டு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அவருக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர், ஒரு நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையிலும் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கட்டினார். 160க்கு 100 என்று காட்டியது. 140க்கு 90 என்றாலே கவனிக்க வேண்டிய அளவு. என் நாத்தனார், செவ்வாயும் வெள்ளியும் மாலையில் தாம் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். என் கணவர் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவு விழிப்பதாக ஏற்றார். தண்ணீர் குறைந்த ஆண்டில் நாம் முறை வைத்துப் பாய்ச்சுவதில்லையா, அதைப்போலத்தான். அந்த இரண்டு மாலைகளில் ஹரித்ராநதித் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் படிக்கட்டில் சும்மா உட்கார்ந்திருப்பேன். முதல் சில நாட்கள் அது குற்றம் செய்வதுபோல இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இதெல்லாம் வசதி உள்ள வீட்டுக்குத்தான் பொருந்தும், குனிந்து நாற்று நடும் பெண்ணுக்கு ஏது நேரம் என்று எதிரணித் தோழி கேட்டார். மிக நியாயமான கேள்வி. அந்தப் பெண்களில் பலர், வயலில் ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே நாள் முழுவதும் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள். கணுக்கால் வரை தண்ணீரில் நின்றுகொண்டு நாவறண்டு போகிறார்கள். அவர்களுக்குத் தன்னைப் பேணுதல் என்பது காசு கேட்கும் காரியம் இல்லை. குடிக்கத் தண்ணீர், வரப்போரம் ஒரு மறைப்பு, வீடு திரும்பியதும் அடுப்பை மூட்ட இன்னொருவர் கை, இவ்வளவே. கொடுக்க வேண்டியவர்கள் நாம். கேட்பதற்கு அவர்கள் கூச வேண்டியதில்லை.

‘தனக்கு மிஞ்சித்தான் தானம்’ என்பதுதான் எங்கள் அணியின் கொள்கை என்று குற்றம் சாட்டினார்கள். மிஞ்சியதை மட்டும் கொடுக்கச் சொல்லி நான் வாதிடவில்லை. எவ்வளவு பஞ்சம் வந்தாலும் வைக்கோல் சுற்றிக் கோட்டையாகக் கட்டிய விதைநெல்லை எடுத்துக் குத்திச் சோறாக்காத வீடுகளில் பிறந்தவர்கள் நாம். அடுத்த போகத்துக்கு விதை வைத்த அந்தக் குடியானவரை யாரும் தன்னலக்காரர் என்று சொன்னதில்லை.

என் மாமனார் இப்போது இரவில் கூப்பிடுகிறார். நாக்குச் சரியாகப் புரளாது. ஆனாலும் “ஆயி, தண்ணி” என்று கூடம் முழுவதும் கேட்கும்படி கூப்பிடுகிறார். சில இரவுகளில் மூன்று முறை. தீர்ப்பு எழுதுமுன் அந்தக் குரலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன்.