சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் ஹாங்காங் டாலரும்

விழாத் தலைவர் அவர்களே, இந்த வெயிலில் தேவகோட்டையிலிருந்து வந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, செலவு கேட்காமல் பந்தல் போட்டுக்கொடுத்த அண்ணன் அவர்களே, முன்வரிசை அப்பச்சிமார்களே, ஆச்சிமார்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் ஒருவரை விட்டுவிட்டு, ஆறு மாதம் அவர் வீட்டு வாசல் வழியே போக முடியாமல் சுற்றிப் போனேன்.

பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனால் ஒரு காலனியில் ஜனங்களின் நம்பிக்கையை எப்படிக் காப்பது என்பது எனக்குத் தந்த தலைப்பு. வதந்தி, பணம், ஆட்சி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறேன்.

பிரிட்டிஷ் காலனியாக இருந்த ஹாங்காங்கின் வடபகுதியை 1898இல் சீனாவிடமிருந்து பிரிட்டன் 99 வருஷக் குத்தகைக்கு வாங்கியது. கெடு 1997. வட்டித்தொழில் பார்த்த நம் ஆட்களுக்கு இது விளக்காமலே புரியும்: குத்தகை முடியப்போகிற பூமியை நம்பி நீண்ட காலக் கடனை எப்படி எழுதுவது? 1982 செப்டம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் பீஜிங் போனார். அதற்குப் பிறகு ஹாங்காங்கின் எதிர்காலம் பற்றி இரண்டு நாட்டாரும் இரண்டு வருஷம் பேசினார்கள். உள்ளே பேசுவது ரகசியம். வெளியே வருவது ஓரிரு வரி அறிக்கை. அதில் ‘பயனுள்ள, ஆக்கபூர்வமான’ என்று இரண்டு சொல் இருந்தால் ஊர் தூங்கும். 1983 செப்டம்பர் அறிக்கையில் அந்தச் சொற்களைக் காணோம். அவ்வளவுதான். 24ஆம் தேதி சனிக்கிழமை ஓர் அமெரிக்க டாலருக்கு 9.60 ஹாங்காங் டாலர் என்று சரிந்தது. கடைகளில் அரிசிக்கும் எண்ணெய்க்கும் அடிதடி. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

எங்கள் ஐயா ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கியில், அதாவது செட்டியார்களின் வட்டிக்கடையில், பெட்டியடிப் பையனாக, பணப்பெட்டிப் பக்கத்து எடுபிடியாக, இருந்தவர். அங்கேயும் ஒரு சனிக்கிழமைதான். நான் கதைக்காகச் சேர்க்கவில்லை. ஏஜெண்டு செட்டியார் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியடி காலி. பணம் போட வந்த ஒருவர் “எங்கே?” என்று கேட்க, ஐயா பயத்தில் “தெரியாது” என்று சொல்லிவிட்டார். பதினான்கு வயசு! பத்து மணிக்கு ‘செட்டியாரைக் காணோம்’, பதினோரு மணிக்கு ‘கப்பல் ஏறிவிட்டார்’, பன்னிரண்டுக்கு ‘பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்’. வாசலில் கூட்டம். உலை வாயை மூடலாம்... நீங்களே முடித்துவிட்டீர்கள், சரி. செட்டியார் குளிக்கக்கூட இல்லை. எண்ணெய் வழிய, கட்டிய துண்டோடு வந்து பெட்டியைத் திறந்தார். திட்டவில்லை, சத்தியம் செய்யவில்லை. பேரேட்டை விரித்து, ஒவ்வொருவர் பற்றுவரவையும் உரக்கப் படித்து, அசலும் வட்டியும் எண்ணி வைத்தார். “மகளுக்குப் பிரசவம் ஆயிற்றா?” என்ற விசாரிப்பும் உண்டு. சாயங்காலத்துக்குள் பாதிப்பேர் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். அந்தப் பேரேட்டில் எண்ணெய்க் கறை இருக்கிறது. நான் தொட்டிருக்கிறேன்.

ஹாங்காங்கிலும் அதுதான் நடந்தது. 1983 அக்டோபர் 17 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 7.80 ஹாங்காங் டாலர் என்று அரசாங்கம் மதிப்பைக் கட்டிப்போட்டது. 1997இல் ஹாங்காங்கைச் சீனாவிடம் திருப்பிக் கொடுக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது 1984 டிசம்பர் 19. அந்தப் பதினாலு மாதமும் ஊர் பிடித்துக்கொண்டு நின்றது எண்ணிக் காட்டிய அந்தக் கணக்கைத்தான். கணக்கு என்றதும் நான் எங்கே வருவேன் என்று முன்வரிசை சிரிக்கிறது. ஆமாம், பேரேடுதான்! ரங்கூன், பினாங்கு, சைகோன் கணக்கெல்லாம் நம் வீட்டு மேல்மாடியில் கரையான் வாயில் கிடக்கிறது. தேக்குத் தூணுக்குக் கொடுக்கிற மரியாதை ஐந்தொகைக்கு, வரவு செலவு முடிவுக் கணக்குக்கு, இல்லை. எடைக்குப் போடுகிறோம். காரைக்குடியில் ஓர் ஏட்டுக் காப்பகம் வேண்டும் என்று நான் சொல்லிச் சொல்லி, ‘இவருக்கு வேறு வேலை இல்லை’ என்று பேர் வாங்கியாயிற்று. ஊர் வாயை மூட முடியுமா!

ஆட்சியைப் பற்றிச் சொல்ல வந்தது நின்றுவிட்டது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பந்தியில் கந்தரப்பம் ஆறுகிறது. கைகழுவும் இடத்தருகே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் பழைய பேரேடு இருக்கிறவர்கள் ஊர்ப்பெயரும் எத்தனைக் கட்டு என்பதும் எழுதிவிட்டுப் போங்கள். பேனாவை மட்டும் எடுத்துப் போய்விடாதீர்கள்.