நாடகம் எப்போது தொடங்கியது?

(காட்சி: நியூயார்க், 42ஆம் தெரு. நெரிசலான நடைபாதை.)

இந்தக் கூட்டத்தில் சிலர் நடிகர்கள். யார் யார் என்று உடனே பிடிபடாது. எல்லோரும் வீட்டிலிருந்து கிளம்பிய உடையிலேயே வருகிறார்கள். 1994இல் வெளியான 'வான்யா ஆன் 42ண்ட் ஸ்ட்ரீட்' படம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ரஷ்ய எழுத்தாளர் செகாவின் 'வான்யா மாமா' நாடகம்தான் கதை. ஆனால் ரஷ்யப் பண்ணை வீடு இல்லை, தோட்டம் இல்லை, அந்தக் காலத்து உடைகளும் இல்லை. இயக்குநர் லூயி மாலின் கடைசிப் படம் இது.

(காட்சி: சிதைந்த அரங்கின் உட்புறம்.)

அவர்கள் நுழைவது நியூ ஆம்ஸ்டர்டாம் தியேட்டர். 1903இல் திறந்தபோது நகரத்தின் பகட்டான அரங்குகளில் ஒன்று. படப்பிடிப்பு நடந்த நாளில் பாழடைந்து கிடந்தது. மேலே திரைகளைத் தாங்கும் மேடைக் கயிறுகளை எலிகள் கடித்துவிட்டதால் மேடையில் ஏறவே முடியாது. பண்ணையைக் கட்டிக் காக்கவே வாழ்நாளைத் தொலைத்தவர்களின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான அரங்கமைப்பை யாரும் காசு கொடுத்துக் கட்டியிருக்க முடியாது.

நாடக இயக்குநர் ஆந்த்ரே கிரெகரி 1989இலேயே இந்த நாடகத்தின் ஒத்திகையைத் தொடங்கியிருந்தார். அரங்கேற்றத் தேதி கிடையாது, டிக்கெட் விற்பனை கிடையாது. நடிகர்கள் ஆண்டுக்கணக்கில் அவ்வப்போது கூடி ஒத்திகை பார்த்தார்கள். அழைக்கப்பட்ட சிலர் மட்டும் அருகில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

(காட்சி: மேசையருகே ஒரு முதியவள், ஒரு நடுவயதுக்காரர்.)

இந்த இடத்தைக் கவனியுங்கள். இருவர் சோர்வாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நமக்குள் எத்தனை வருடப் பழக்கம் என்று அவர் கேட்கிறார். நடிகர்களின் அரட்டை என்று நாம் அசட்டையாக இருக்கிறோம். உண்மையில் அது செகாவின் நாடகத்தில் வரும் டாக்டர் ஆஸ்த்ரோவ் மரீனா ஆயாவிடம் கேட்கும் கேள்வி. நாடகம் நம்மைத் தாண்டிப் போய்விட்டது! மணி இல்லை, திரை இல்லை. செகாவின் வசனம் அன்றாடப் பேச்சுக்கு அவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் இது பலிக்கிறது. ஷேக்ஸ்பியரின் செய்யுளில் இதைச் செய்தால் முதல் வரியிலேயே குட்டு உடைந்துவிடும்.

இடைவேளைகளில் கிரெகரி விருந்தினர்களிடம் பேசும் பகுதிகள், என் பார்வையில், இன்னும் குறைவாக இருந்திருக்கலாம். மாயம் புரிந்த பிறகு விளக்கம் எதற்கு?

(காட்சி: வான்யாவின் முகம், மிக அருகில்.)

வான்யாவாக நடிக்கும் வாலஸ் ஷான் குள்ளமானவர், வழுக்கைத் தலையர். நாற்பத்தேழு வயது வான்யா, தான் ஒரு தத்துவவாதி ஷோப்பன்ஹவராகவோ நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியாகவோ ஆகியிருக்கக்கூடும் என்று கத்தும் வசனத்துக்குப் பெரிய அரங்கின் பின்வரிசையில் சிரிப்பு வரலாம். இங்கே கேமரா அவருடைய முகத்தை விட்டு நகர்வதில்லை. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.