பனிமலை ஊரில் ஒரு கிழமை: தங்குமிடத்தைத் தெரிவு செய்வது எப்படி?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பிள்ளையோ சகோதரமோ சுவிற்சர்லாந்தில் வாழும் குடும்பங்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பல உள்ளன. அங்கிருந்து அழைப்புக் கடிதம் வந்து, விசாவும் கிடைத்து, குளிர்காலத்தில் போய்ச் சேரும் அம்மா, அப்பா, அம்மம்மா, மருமக்கள் எல்லோரையும் ஒரு கிழமைக்குப் பனிமலை ஊர் ஒன்றுக்கு அழைத்துச் செல்ல அங்குள்ளவர்கள் ஆசைப்படுவது இயல்பே. அப்போது எந்த ஊரைத் தெரிவு செய்வது என்ற கேள்விக்கு என் அனுபவத்தையும் வாசிப்பையும் கொண்டு விடை சொல்லவே இந்த உரைக்கு இசைந்தேன்.

பனிச்சறுக்கு ஊர்களின் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது சறுக்குத்தடங்களின் நீளம். செர்மாட் ஊரையும் எல்லைக்கப்பால் உள்ள இத்தாலியின் செர்வீனியாவையும் சேர்த்துச் சுமார் 360 கிலோமீற்றர் என்பார்கள். எழுபது வயதான அம்மம்மாவுக்கும், பனியை முதன்முதலாகக் காணும் பத்து வயதுப் பேரனுக்கும் அந்த 360 கிலோமீற்றரால் ஒரு பயனும் இல்லை. அறுகம்குடாவுக்கு வரும் வெளிநாட்டவரில் அலைச்சறுக்குப் பழகாதவரைப் பெரிய அலை எழும் மெயின் பொயின்ற்றுக்கு அனுப்பாமல் சிற்றலையுள்ள பேபி பொயின்ற்றில் இறக்கும் பொத்துவில் இளைஞர்களுக்கு இந்த உண்மை விளங்கும். கூட வருபவர்களுள் மிகக் குறைவாகச் சறுக்கப்போகிறவர் யாரோ, அவருக்குப் பொருந்தும் ஊரையே தெரிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நன்றாகச் சறுக்கத் தெரிந்த மருமகன் எந்த ஊரிலும் தன் வழியைக் கண்டுகொள்வார்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, பழகுவோருக்கான மென்சரிவு எங்கே இருக்கிறது என்பதே. பேர்ன் மாநிலத்தின் வெங்கன் என்னும் ஊரில் அது ஊரின் நடுவிலேயே இருக்கிறது. பிள்ளை விழுவதையும் எழும்புவதையும் பெரியவர்கள் வீதியோரத்தில் நின்றே பார்க்கலாம், கை விறைத்தால் சில நிமிடங்களில் வீட்டுக்கும் திரும்பலாம். செர்மாட்டிலோ பிள்ளைகளுக்கான பழகுதிடல் 2,288 மீற்றர் உயரத்தில் சுன்னெக்கா என்னும் இடத்தில் இருப்பதால், ஒவ்வொரு நாளும் மலைக்குள் குடைந்த சுரங்கப் புகையிரதத்தில் ஏறிப் போக வேண்டும். செர்மாட்டிலிருந்து தெரியும் மாட்டர்ஹோர்ன் சிகரத்தின் அழகுக்கு இணை இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அதை ஒரு பகல் பயணத்தில் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அதற்காக ஏழு இரவுகளின் வாடகையைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்தது உயரம். மேலே போகப் போக ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் வெப்பநிலை சராசரியாக ஆறரைப் பாகை செல்சியஸ் குறைகிறது. கிரிண்டல்வால்ட் 1,034 மீற்றரில் இருப்பதால், இளஞ்சூடான குளிர்காலங்களில் ஊருக்குள் மழை பெய்து, பனி மேற்சரிவுகளில் மட்டும் எஞ்சுவதுண்டு. செயற்கைப் பனியைத் தூவும் இயந்திரங்களும் காற்று உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தால்தான் வேலை செய்யும். 1928இலும் 1948இலும் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளை நடத்திய சென் மொரிட்ஸ் 1,822 மீற்றரில் இருக்கிறது. நமது நுவரெலியா அதைவிடச் சற்று உயரமாக, 1,868 மீற்றரில் இருக்கிறது. நுவரெலியாவில் ஆண்டின் தொடக்கத்தில் சில விடியற்காலைகளில் புல்லின்மேல் உறைபனி படிவதோடு சரி. சென் மொரிட்ஸின் ஏரியோ குதிரைப் பந்தயம் நடத்துமளவுக்கு உறைகிறது. அகலக்கோடு, அதாவது பூமத்திய கோட்டிலிருந்து ஓர் இடம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது, செய்யும் வேலை அது. எனவே உயரத்தை மட்டும் வைத்துப் பனியைக் கணிக்க முடியாது. ஆனால் ஒரே மலைத்தொடருக்குள் இரண்டு ஊர்களை ஒப்பிடும்போது உயரம் நல்ல அளவுகோல். ஊரின் உயரத்தோடு பழகுதிடலின் உயரத்தையும் கேட்டறிய வேண்டும்.

உயரம் கூடினால் மூச்சும் கவனத்துக்கு வருகிறது. 1912இல் திறக்கப்பட்ட யுங்ஃபிராவ்யோக் புகையிரத நிலையம் 3,454 மீற்றரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். வாவிக்கரையில் வாழ்ந்து பழகிய, இருதய நோயோ மூச்சுக் கோளாறோ உள்ள முதியவர் வைத்தியரிடம் கேட்காமல் அங்கு ஏறக் கூடாது. வெங்கனிலிருந்து பல்சக்கரப் புகையிரதத்தில் 2,061 மீற்றர் உயரமுள்ள கிளைனே ஷைடெக் வரை போனாலே போதும். சறுக்குப்பலகையைத் தொடாமலே அங்கே இருந்து தேநீர் குடித்தபடி, 3,967 மீற்றர் உயரமுள்ள ஐகர் மலையின் செங்குத்தான வடமுகத்தை நேருக்கு நேர் பார்க்கலாம். சறுக்காதவருக்கு இத்தகைய வழி உண்டா என்று ஒவ்வோர் ஊரைப் பற்றியும் கேட்க வேண்டும். லூசேர்ன் பக்கம் உறவினர் இருந்தால் எங்கல்பேர்க் வசதியானது: லூசேர்னிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் புகையிரதம் போய்ச் சேரும், அங்கிருந்து கேபிள் கார் திட்லிஸ் மலையில் 3,020 மீற்றர் வரை ஏற்றிச் செல்லும்.

வெயிலை நம்மவர்கள் கணக்கில் எடுப்பதில்லை, ஏனென்றால் நமக்கு அது தேவைக்கு மேல் கிடைக்கிறது. அங்கே நிலைமை வேறு. லவுட்டர்புரூனன் போன்ற ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஊர்களில் நடுக்குளிர்காலத்துச் சூரியன் மலைக்குப் பின்னால் வெகு விரைவில் மறைந்துவிடும். அதன் இருபுறமும் மலைத்தட்டில் அமர்ந்திருக்கும் வெங்கனும் மியூரனும் கூடுதலான வெயிலைப் பெறுகின்றன. அறைக்குள் அதிக நேரம் இருக்கப்போகிற முதியவருக்கு, யன்னலில் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்பது சிகரத்தின் பெயரைவிட முக்கியம். வெளியே போகும்போது கறுப்புக் கண்ணாடி வேண்டும். புதுப்பனி புறஊதாக் கதிர்களில் எண்பது வீதம் வரை திருப்பி வீசுகிறது.

வெங்கன், மியூரன், செர்மாட் ஆகியவை பொதுமக்களின் கார்கள் நுழையாத ஊர்கள். செர்மாட்டுக்குப் போவோர் டேஷ் என்னும் ஊரில் வாகனத்தை நிறுத்திவிட்டுப் புகையிரதம் ஏறுவார்கள். பிள்ளைகளோடு போவோருக்கு இது பெரும் நிம்மதி. ஆனால் புகையிரத நிலையத்திலிருந்து விடுதி வரை பெட்டிகளோடு ஏற்றத்தில் நடக்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சறுக்குச் சப்பாத்து கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் கடினமான பொருள். அதை அணிந்து, பலகைகளையும் தோளில் சுமந்து ஐந்நூறு மீற்றர் நடந்தவர், மறுநாள் விடுதியை விட்டு வெளியே வர மறுத்தால் வியப்பில்லை.

தங்குவதற்குச் சமையலறையுள்ள வாடகை வீடே நமக்கு ஏற்றது. அவை பெரும்பாலும் சனிக்கிழமை தொடங்கிச் சனிக்கிழமை முடிய வாடகைக்கு விடப்படும். வாடகைக்கு மேல் துப்புரவுக் கட்டணமும், தலைக்கு இவ்வளவென்று ஊர் வரியும் சேரும். அந்த வரிக்கு ஈடாகப் பல ஊர்களில் உள்ளூர்ப் பேருந்தில் இலவசமாகப் போக விருந்தினர் அட்டை தருவார்கள். அரிசியும் தூளும் கொண்டு போகலாம். கருவாட்டை மட்டும் வீட்டில் விட்டுப் போவது நல்லது: வெளியே உறைநிலைக்குப் பத்துப் பாகை கீழே இருக்கும்போது மணம் போக யன்னலைத் திறந்து வைக்க யாருக்கும் மனம் வராது.

காலத்தைப் பொறுத்தவரை, நத்தார் முதல் புத்தாண்டு வரையிலான நாட்களும், மாநிலத்துக்கு மாநிலம் மாறி வரும் பெப்ரவரி விளையாட்டு விடுமுறையும் விலை உச்சத்தில் இருக்கும் காலங்கள். பள்ளிப் பிள்ளைகள் கூட வராவிட்டால் ஜனவரி நடுப்பகுதி மலிவானது. மார்ச்சில் பகல் நீண்டு, குளிரின் கடுமையும் தணிந்திருக்கும். முதியவர்களுக்காக நான் மார்ச்சையே தெரிவு செய்வேன், ஆனால் அப்போது தாழ்ந்த ஊர்களில் பனியை நம்ப முடியாது.

ஐரோப்பாவில் உறவினர் இல்லாதவர்கள் காஷ்மீரின் குல்மார்க்கையும் எண்ணிப் பார்க்கலாம். அது 2,650 மீற்றரில் பரந்த புல்வெளியாக அமைந்திருப்பதால் பழகுவோருக்கான சரிவுகள் ஊரிலேயே கிடைக்கின்றன. ஆயினும் அங்குள்ள பாதுகாப்பு நிலைமையை அறிந்த பின்பே பயணத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

இறுதியாகக் காப்புறுதி. விசாவுக்காக எடுக்கும் பயணக் காப்புறுதி பனிச்சறுக்கு விபத்துகளையும் உள்ளடக்குகிறதா என்று அதன் விதிகளை வாசித்துப் பாருங்கள். பல காப்புறுதிகள் குளிர்கால விளையாட்டுகளை விலக்கி வைக்கின்றன, மலையிலிருந்து ஹெலிகொப்டரில் மீட்கப்படுவதோ மிகுந்த செலவுள்ள காரியம். விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே கொடுக்கலாம். அதன் முடிவு தெரியும் வரை, கட்டணமின்றி இரத்துச் செய்யக்கூடிய தங்குமிடத்தையே பதிவு செய்து வையுங்கள். முற்பணத்தைத் திருப்பித் தராத மலிவான சலுகைகள் விசா கையில் உள்ளவர்களுக்கு உரியவை. நன்றி, வணக்கம்.