பேரனின் ரயிலுக்கு ஒரு பலகை

நேயர்களுக்கு வணக்கம். மும்பை மாட்டுங்கா ரயில் பெட்டிப் பணிமனையில், தச்சுப் பிரிவில் 31 வருஷம் இருந்தவன் நான். பெரிய ரயிலுக்குத் தரை போட்ட கை இது. ஆனால் பேரனின் பொம்மை ரயிலுக்குப் பலகை வாங்கப் போய் ஏமாந்துவிட்டேன். அந்தக் கதையோடுதான் வந்திருக்கிறேன்.

மகள் குடியிருப்பது செம்பூரில். ஒரே ஒரு படுக்கையறை. பேரனுக்கு ஏழு வயது. அவனிடம் இருப்பது ஹெச்.ஓ என்று சொல்லும் அளவு, அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு, கரண்டில் ஓடுவது. தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மில்லிமீட்டர். வெளிநாட்டு 1435 மில்லிமீட்டர் பாதையை 87-ஆல் வகுத்தால் வருகிற கணக்கு அது. நம் அகலப் பாதை 1676. அதை வகுத்தால் 19-ஐத் தாண்டும். பையனுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை, எனக்குத்தான் உறுத்தல்.

முதலில் தரையில் விரித்தோம். இரண்டே நாளில் எஞ்சினின் அச்சில் தலைமுடியும் பஞ்சும் சுற்றிக்கொண்டு நின்றுபோனது. பிறகு சாப்பாட்டு மேசை. கண்ணாடி மேல் தண்டவாளம் வழுக்கியது, சத்தம் வேறு. சரி என்று கடையில் பளபளவென்றிருந்த ஒரு ரெடிமேட் மேசையை வாங்கினேன். உள்ளே மரத்தூளும் சில்லும் பசையில் அழுத்திய பார்ட்டிகிள் போர்டு. அதை நானே கவனிக்கவில்லை பாருங்கள்! ஜூலை மழையில், ஜன்னல் பக்கத்து விளிம்பு அப்பம் மாதிரி உப்பியது. அந்த இடத்தில் தண்டவாள இணைப்பு தூக்கிக்கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் அதே மூலையில் ரயில் தடம் புரளும். ஒருமுறை உப்பினால் வெயிலில் காயவைத்தாலும் அது பழையபடி அமுங்காது.

மும்பைக்கு பிளைவுட்தான். 12 மில்லிமீட்டர் போதும். எட்டுக்கு நாலு அடி முழுத் தாள் 20 கிலோவைத் தாண்டும், கடையிலேயே அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண அறைக்கு எம்.ஆர் ரகம், அதாவது ஓரளவு ஈரம் தாங்குவது, சரி. ஜன்னலோரம் என்றால் ஐ.எஸ் 710 முத்திரை உள்ளதைக் கேளுங்கள், கொதிநீருக்கும் பசை விடாத ரகம் அது. பெட்டிகளுக்குத் தரையாக நாங்கள் போட்ட கம்ப்ரெக்கும் இதற்கு உறவுக்காரன்தான்: மெல்லிய மரத்தகடுகளைப் பிசினில் ஊறவைத்து அழுத்தியது.

இன்னொன்று. பலகைக்கு மேலே மட்டும் பெயிண்ட் அடித்தால் கீழ்ப்பக்கம் ஈரம் குடிக்கும், மேல்பக்கம் குடிக்காது, பலகை வளைந்துவிடும். இரண்டு பக்கமும், முக்கியமாக அறுத்த விளிம்புகளும், ஒரே மாதிரி பெயிண்ட் பட வேண்டும். அடியில் ஒன்றேகால் அடிக்கு ஒரு மரச்சட்டம். பசை போட்டு ஸ்க்ரூவால் முடுக்குங்கள். ஆணி அதிர்வில் தளர்ந்துவிடும்.

வெறும் பிளைவுட் தவில் மாதிரி முழங்கும். கீழ்வீட்டு மாமி மாடியேறி வருவதற்குள் தண்டவாளத்துக்கு அடியில் கார்க் தாள் ஒட்டிவிடுங்கள். பழைய யோகா பாயை வெட்டினாலும் சரி. ஆனால் அதையும் துளைத்து ஸ்க்ரூவை இறுக்கினால் சத்தம் ஸ்க்ரூ வழியே பலகைக்கு இறங்கிவிடும். தெர்மோகோல் வேண்டாம். உதிரும், ரப்பர் பசை பட்டால் கரைந்தே போகும்.

நெருக்கமான வட்டத்துக்கே ஆரம் 36 சென்டிமீட்டர். ஓரம் விட்டால் பலகைக்கு மூன்றடி அகலம் தேவை. ஏழு வயதுக் கை ஒன்றரை அடிக்கு மேல் எட்டாது. அதனால் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். இரண்டு பக்கமும் சுற்றி வர வழி விடுங்கள். விளிம்பில் அரை அங்குல உயரத்துக்கு ரீப்பர் என்கிற மெல்லிய சட்டம் அடித்தால் எஞ்சின் கீழே விழாது. அதற்கு மேல் உயர்த்தினால் குழந்தையின் முழங்கை இடிக்கும்.

எங்கள் பலகை மூன்றுக்கு நாலரை. சக்கரம் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறோம். கட்டிலின் உயரத்தை அளந்துதான் செய்தேன். ஆனால் பையன் செய்தித்தாளும் மைதா பசையும் வைத்து மும்பை-புனே ரயில் வழியில் வருகிற கண்டாலா மாதிரி ஒரு மலையும் சுரங்கமும் கட்டுவான் என்று எனக்கு எப்படித் தெரியும்? தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு கண்டாலாவைப் பெயர்த்து அலமாரி மேல் வைத்துவிட்டுத்தான் ரயிலைக் கட்டிலடியில் தள்ளுகிறோம்.