சின்னப் பசங்க தேசியப் போட்டியை ஜப்பானே ஏன் நிறுத்துச்சு? | ஜூடோ சொல்லித்தர்ற முதல் பாடம்

[திரையில்: ஆள் இல்லாத ஜூடோ பாய் விரிப்பு. மூணு நொடி சத்தமே இல்லை.]

2022 மார்ச் மாசம். ஜூடோ பிறந்த ஜப்பான்ல, அகில ஜப்பான் ஜூடோ கூட்டமைப்பு ஒரு அறிவிப்பு விடுறாங்க. அஞ்சாவது, ஆறாவது படிக்கிற பிள்ளைங்களுக்கு நடத்திட்டு வந்த தேசிய தனிநபர் போட்டி இனிமே கிடையாது. அடியோட நிறுத்திட்டாங்க.

காரணம் யாரு தெரியுமா? பெத்தவங்களும் பயிற்சியாளர்களும்தான்.

எடைப் பிரிவுக்காகப் பத்து வயசுப் பிள்ளையோட சாப்பாட்டைக் குறைச்சு எடையைக் குறைக்க வைக்கிறது. தோத்துட்டு வர்ற குழந்தையைத் திட்டறது. நடுவரைப் பார்த்துக் கூச்சல் போடறது. ஜெயிச்சாப் போதும்ங்கற வெறி இந்த வயசுப் பிள்ளைங்க வரைக்கும் இறங்கிடுச்சு, ஜூடோ இதுக்காக இல்லைன்னு சொல்லிட்டாங்க.

அப்போ அந்தக் கூட்டமைப்புக்குத் தலைவர் யாசுஹிரோ யாமாஷிதா. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ல தங்கம் வாங்கினவர். தொடர்ந்து 203 வெற்றின்னு அவர் பேர்ல ஒரு கணக்கு இருக்கு. ஜெயிக்கிறதோட ருசி என்னன்னு அவரை விட நல்லாத் தெரிஞ்சவங்க உலகத்துல ரொம்பக் கொஞ்சம் பேர். அவர் தலைமையிலதான் இந்த முடிவு வந்துச்சு. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரலை மக்களே.

[தலைப்பு அட்டை. இசை.]

வணக்கம்! பிள்ளையைக் கராத்தே, ஜூடோ, சிலம்பம், டேக்வாண்டோன்னு ஏதாவது ஒரு வகுப்புல சேர்க்கும்போது நாம எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்றோம்: "ஒழுக்கம் வரும்." சரி, அந்த ஒழுக்கம் எது வழியா வருது? உறுதிமொழி சொன்னா வருமா? பெல்ட் கலர் மாறினா வருமா? இன்னைக்கு அதைத்தான் பார்க்கப்போறோம். பிள்ளைங்க வச்சிருக்கிறவங்க கடைசி வரைக்கும் பாருங்க.

வரலாறு வேகமா. ஜிகோரோ கானோ. ஜூடோவை உருவாக்கினவர். 1860-ல பிறந்தவர். உருவத்துல சின்னவர், பள்ளிக்கூடத்துல பெரிய பசங்ககிட்ட அடி வாங்கினவர். அதனாலேயே ஜுஜுட்ஸுங்கற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையைக் கத்துக்கப் போனார். 1882-ல டோக்கியோவுல எய்ஷோஜிங்கற கோயில்ல பன்னிரண்டு பாய் விரிச்ச ஒரு சின்ன இடத்துல, ஒன்பது மாணவர்களோட ஆரம்பிச்சார். அதுதான் கோடோகான், ஜூடோவோட முதல் பள்ளி. 'ஜுட்ஸு'ன்னா வித்தை. அந்த வார்த்தையை எடுத்துட்டு 'டோ'ன்னு போட்டார். 'டோ'ன்னா வழி. வித்தையை வழியா மாத்தினார், அவ்ளோதான் கதை.

ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. கானோ முதல்ல ஒரு வாத்தியார். ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கிற டோக்கியோ உயர் பயிற்சிக் கல்லூரிக்குப் பல வருஷம் தலைவரா இருந்தவர். ஒரு வாத்தியாரோட மூளை ஒரு சண்டைக் கலையை எடுத்து, பிள்ளைங்களுக்கு ஏத்த மாதிரி எப்படிப் பிரிச்சு அடுக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அந்த அடுக்குல முதல் பாடம் என்னன்னா...

[திரையில்: வெள்ளை உடையில் ஒரு சிறுமி பின்பக்கமாக உருண்டு விழுகிறாள். படார் என்று கை பாயில் அறைகிறது.]

விழறது!

ஜப்பான் மொழியில உகேமி. நம்ம ஊர் வகுப்புகள்ல பிரேக் ஃபால்னு சொல்றாங்க. என் பொண்ணுக்கு எட்டு வயசு. எங்க ஊர் உள் விளையாட்டரங்கத்துல ஜூடோ வகுப்பு போறா. முதல் மூணு வாரம் வேற எதுவுமே கிடையாது. உட்கார்ந்தபடியே பின்னாடி விழு. குத்துக்கால் வச்சு விழு. நின்னு விழு. பக்கவாட்டுல விழு. மாஸ்டர் திரும்பத் திரும்ப ஒண்ணே ஒண்ணைத்தான் கத்துவார்: "பெல்ட் முடிச்சைப் பாரு! முடிச்சைப் பாரு!"

ஏன் முடிச்சைப் பார்க்கணும்? பின்னாடி விழும்போது தாடை நெஞ்சோட ஒட்டணும், அப்பத்தான் பின்மண்டை தரையில மோதாது. இதை ஒரு எட்டு வயசுப் பிள்ளைகிட்ட விளக்கிச் சொன்னாப் புரியாது. இடுப்புல கட்டியிருக்கிற முடிச்சைப் பாருன்னா தலை தன்னால குனிஞ்சுடும். எவ்வளவு அழகான சொல்லித்தரல் பாருங்க!

அப்புறம் அந்தக் கை. விழும்போது நாம எல்லாருமே இயல்பாக் கையைத் தரையில ஊணுவோம். மணிக்கட்டு போறது அப்படித்தான். உகேமியில கையை ஊணக் கூடாது. உள்ளங்கையிலிருந்து தோள் பக்கம் வரைக்கும் முழுக் கையாலயும் பாயை அறையணும். விழற வேகம் ஒரே இடத்துல இறங்காம பரவிடும். அந்தப் 'படார்' சத்தம் கேட்டு முதல் நாள் நான் எழுந்தே நின்னுட்டேன். அவ சிரிச்சுட்டே எழுந்து வந்தா.

மூணாவது வாரம் ஒரு அப்பா பொறுமை இழந்துட்டார். "மாஸ்டர், பிள்ளைங்க விழுந்துட்டேதான் இருக்காங்க. எப்போ தூக்கிப் போடச் சொல்லித்தருவீங்க?"

மாஸ்டர் சொன்னார்: "சார், விழத் தெரியாத பிள்ளையை இன்னொரு பிள்ளை கையில நான் எப்படி சார் ஒப்படைக்கறது?"

அந்த அப்பா அப்புறம் ஒண்ணும் கேட்கலை. நானும் மனசுக்குள்ள அதே கேள்வியோடதான் உட்கார்ந்திருந்தேன்.

இப்போ இந்த வீடியோவுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன். இதுக்காகத்தான் இந்த வீடியோவே.

[திரையில்: ஒரு இடுப்பு எறிதல், மெதுவாக. எறிபவரின் இடது கை மேல் வட்டம்.]

இது ஓ-கோஷி. இடுப்பு மேல ஏத்தி எறியறது. வலது கை எதிராளியோட இடுப்பைச் சுத்திப் போகுது. இடது கை அவங்க சட்டைக் கையைப் பிடிச்சிருக்கு. எறிஞ்சாச்சு, எதிராளி பறக்கறாங்க. எல்லாரும் அவங்களைத்தான் பார்ப்போம். அவங்களை விடுங்க, எறிஞ்சவங்களோட இடது கையைப் பாருங்க. அது சட்டையை விடலை! விழுந்து முடியற வரைக்கும் இறுக்கிப் பிடிச்சு மேல இழுத்துட்டே இருக்கு. அந்த இழுப்புலதான் விழறவங்க தோளும் தலையும் தரையில முட்டாம, பக்கவாட்டாப் பத்திரமா இறங்கறாங்க.

கிணத்துல தண்ணி சேந்தினவங்களுக்கு இது உடனே புரியும். வாளியைக் கிணத்துக்குள்ள வீசுறோம். ஆனா கயித்து நுனியை விடுறோமா? நுனி கையிலதான் இருக்கு. விட்டா வாளியும் போச்சு, தண்ணியும் போச்சு. ஜூடோவுல எறியறதும் அதே மாதிரி. வீசணும், நுனியை விடக்கூடாது.

போன மாசம் என் பொண்ணு அவளை விடச் சின்னப் பையன் ஒருத்தனை முதல் தடவையா ஓ-கோஷி போட்டா. போட்ட சந்தோஷத்துல ரெண்டு கையையும் விட்டுட்டுத் துள்ளிக் குதிச்சா. பையனுக்கு ஒண்ணும் ஆகலை, அவனுக்கு விழத் தெரியும். மாஸ்டர் அவளைத் திட்டலை. பையனோட சட்டைக் கையை எடுத்து அவ கையில வச்சு மூடினார். "பாப்பா, இது அவன் உனக்குக் கடன் குடுத்த உடம்பு. பத்திரமாத் திருப்பிக் குடு." மறுபடி போட்டா. இந்த முறை முகம் சிவக்க, பல்லைக் கடிச்சுட்டு அந்தச் சட்டையைப் பிடிச்சிருந்தா. விழுந்தவன் அவளைப் பார்த்துச் சிரிச்சான்.

கானோ இதுக்கு ஒரு பேர் வச்சிருக்கார்: ஜிதா கியோயெய். 'நானும் நீயும் சேர்ந்து வளர்றது'ன்னு சொல்லலாம். இன்னொண்ணு செய்ர்யோகு ஸென்யோ: இருக்கிற சக்தியை வீணாக்காம நல்லதுக்குப் பயன்படுத்தறது. கேட்கப் பெரிய தத்துவம். ஆனா எட்டு வயசுப் பிள்ளைக்கு அது ஒரு சட்டைக் கையில போய் முடியுது. எதிர்ல ஆள் இல்லாம எறிஞ்சு பழக முடியாது. அந்த ஆளை நீ உடைச்சுட்டா நாளைக்கு உனக்குப் பயிற்சியே இல்லை. பாசம், மரியாதைன்னு தனியா வகுப்பு எடுக்க வேண்டியதே இல்லை.

இதை விட்டா என்ன ஆகும்? அதையும் சொல்லிடறேன். 1983-லிருந்து 2011 வரைக்கும், 29 வருஷத்துல, ஜப்பானோட நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள்ல ஜூடோ செஞ்சு 118 பிள்ளைங்க இறந்திருக்காங்க. தலையில பட்ட அடிதான் முக்கியக் காரணம். இறந்தவங்கள்ல நிறைய பேர் அப்பத்தான் சேர்ந்த முதல் வருஷப் பிள்ளைங்க. ஜூடோவோட சொந்த ஊர்லயே! 2012-ல நடுநிலைப் பள்ளிகள்ல பாரம்பரியத் தற்காப்புக் கலையைக் கட்டாயப் பாடமாக்கினப்போ பெத்தவங்க பதறினது இதனாலதான். விழக் கத்துக்குடுக்காம எறியக் கத்துக்குடுத்தா அது ஒழுக்கக் குறைவுன்னு நான் சொல்லமாட்டேன். அது உயிர் விஷயம்.

[திரையில்: கராத்தே உடையில் வரிசையாக நிற்கும் பிள்ளைகள்.]

"எங்க பிள்ளை கராத்தேதான் போறான்"னு சொல்றவங்களுக்கு ஒரு ஆச்சரியம். அவன் போட்டுட்டுப் போற வெள்ளை உடையும் இடுப்பு பெல்ட்டும் ஜூடோவிலிருந்து வந்தது! 1922-ல ஒகினாவாவிலிருந்து கிச்சின் ஃபுனாகோஷி டோக்கியோ வந்து கராத்தே செஞ்சு காட்டினார். கானோ அவரைக் கோடோகானுக்கே கூப்பிட்டுக் காட்டச் சொன்னார். கராத்தே ஜப்பான்ல வேர் பிடிச்சதும் ஜூடோவோட உடை, தர வரிசை ரெண்டையும் எடுத்துக்கிட்டாங்க. மஞ்சள், ஆரஞ்சு, பச்சைன்னு கலர் கலரா பெல்ட் வந்ததுல ஐரோப்பாவுக்குத்தான் பெரிய பங்கு. சீக்கிரம் சீக்கிரம் ஒரு அடையாளம் கையில குடுத்தா ஆர்வம் குறையாதுன்னு கண்டுபிடிச்சாங்க. நல்ல யோசனைதான். ஆனா மூணு மாசத்துக்கு ஒரு பெல்ட், ஒவ்வொரு பெல்ட்டுக்கும் ஒரு கட்டணம், ஒரு சான்றிதழ், ஒரு போட்டோன்னு ஆகும்போது பிள்ளை எதைக் கத்துக்கறான்னு நாமதான் யோசிக்கணும்.

ஃபுனாகோஷி சொன்ன ஒரு வரி மட்டும் எனக்கு உயிர்: கராத்தேயில முதல் அடி கிடையாது. கராத்தே செய்முறைகள்ல, அதாவது கட்டாக்கள்ல, பெரும்பாலானது ஒரு தடுப்போடதான் தொடங்கும். வாயால சொன்ன கொள்கை கையிலயும் இருக்கு பாருங்க. நம்ம சிலம்பத்துலயும் கம்பைச் சுத்தறதுக்கு முன்னாடி மண்ணைத் தொட்டு ஆசானை வணங்கறது இருக்கு. அது பத்தித் தனி வீடியோ போடறேன், இதுல நுழைச்சா அதுக்கு நியாயம் பண்ண முடியாது.

ஃபிரான்ஸ் பத்திச் சொல்லாம விடமாட்டேன். இன்னைக்கு ஜப்பானை விட ஃபிரான்ஸ்ல பல மடங்கு அதிகம் பேர் ஜூடோ கூட்டமைப்புல பதிவு பண்ணியிருக்காங்க, அதுல பெரும் பங்கு சின்னப் பிள்ளைங்க. ஃபிரெஞ்சு ஜூடோ கூடம் எதுக்குள்ள நுழைஞ்சாலும் சுவத்துல எட்டு வார்த்தை இருக்கும்: பணிவு, துணிவு, நேர்மை, மானம், அடக்கம், மரியாதை, தன்னைக் கட்டுப்படுத்தறது, நட்பு. சுவத்துல எழுதி வைக்கறதுல எனக்கு மறுப்பே இல்லை. அந்தச் சுவத்துக்குக் கீழ நடக்கிற வகுப்புல அந்தக் கை சட்டையைப் பிடிச்சிருக்கான்னு மட்டும் பார்க்கணும்.

கானோவோட இன்னொரு பழக்கம் நம்ம வகுப்புகள்ல காணவே காணோம். மோண்டோ, அதாவது கேள்வி-பதில். உடற்பயிற்சியோட உரையும் கேள்வி-பதிலும் அவர் பாடத்துல ஒரு பகுதி. உட்கார வச்சுக் கேட்கணும்: ஏன் விழுந்தே? அவன் பலசாலிங்கறதாலயா, இல்ல நீ கோபத்துல முன்னாடி சாய்ஞ்சதாலயா? பத்து நிமிஷம் போதும். "யெஸ் சார்"னு கத்தற பிள்ளை வேற, "மாஸ்டர், எனக்குக் கோபம் வந்துடுச்சு"ன்னு சொல்லத் தெரிஞ்ச பிள்ளை வேற. எனக்கு ரெண்டாவது பிள்ளைதான் வேணும்.

இந்தியாவுக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு. 1929-ல ரவீந்திரநாத் தாகூர் ஜப்பான்லேர்ந்து ஷின்ஸோ தாகாகாகிங்கற ஜூடோ ஆசிரியரைச் சாந்திநிகேதனுக்கு வரவழைச்சார். பையன்களோட பொண்ணுங்களும் பாய் மேல இறங்கிப் பழகினாங்க. கவிதையும் பாட்டும் சொல்லித்தந்த அதே பள்ளிக்கூடத்துல, விழவும் சொல்லித்தந்திருக்காங்க.

வகுப்புல சேர்க்கப்போற பெத்தவங்களே, மாஸ்டர்கிட்ட எத்தனை மெடல்னு கேட்கறதுக்கு முன்னாடி, எத்தனை வாரம் விழச் சொல்லித்தருவீங்கன்னு கேளுங்க. தலையில அடிபட்டா என்ன செய்வீங்கன்னு கேளுங்க. ஒரு நாள் முழு வகுப்பும் ஓரமா உட்கார்ந்து பாருங்க, போனை உள்ள வச்சுட்டு. பலமான பிள்ளையை யார்கூட ஜோடி சேர்க்கறாங்க, எறிஞ்ச பிள்ளை விழுந்தவனை எழுப்பக் கை நீட்டுதா, அந்த இடது கை எங்க இருக்கு. பார்த்ததைக் கமெண்ட்ல எழுதுங்க, ஒவ்வொண்ணையும் படிப்பேன். மாஸ்டர்கள் யாராவது இதைப் பார்த்துட்டிருந்தா, உங்க வகுப்புல முதல் பாடம் என்னன்னு நீங்களும் எழுதுங்க.

[திரையில்: சிறுமியின் கை, வெள்ளைச் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்தபடி. படார் என்ற சத்தம்.]